ஒரு லட்சம் கோடி ரூபாயும் ஊருக்கு ஒரு சோதனைக்கூடமும்

விசைத்தறிச் சத்தத்தோடு விடியும் ஊர் எங்கள் சங்கரன்கோவில். இங்கே ஒரு தறிக்கூடத்தின் வாசலில் நின்று, "ஆராய்ச்சிக்காக மத்திய அரசு ஒரு லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது" என்று சொன்னால், "அது பெரிய கம்பெனிகளுக்கு, நமக்கு என்ன?" என்ற பதில்தான் வரும். அந்தப் பதில் அலட்சியத்தால் வருவதல்ல, அனுபவத்தால் வருவது. ஆனால் நமக்கு என்ன என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், நமக்கு என்ன என்று கணக்குக் கேட்க வேண்டிய நேரம் இது.

ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத்துக்கான இந்த நிதித் திட்டத்துக்கு 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நவம்பர் 3 அன்று பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். குறைந்த வட்டியிலோ வட்டியே இல்லாமலோ, நீண்ட காலத் தவணையில் தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கும். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிட்டு வந்த (2020-21) இந்தியாவுக்கு இது தேவையான முயற்சிதான். வரவேற்போம்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தக் குறையை நிரப்ப இந்தப் பணம்? அந்தக் குறையை அளந்து பார்த்தவர் யார்?

பொருளைக் கண்டுபிடித்தால் போதுமா?

இன்று உலக நாடுகள் போட்டி போடுவது புதுவகை மூலப்பொருட்களுக்காக. மின்சார வண்டியின் பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள், விமான இறக்கையில் சேரும் கார்பன் இழை, காயத்தை விரைவில் ஆற்றும் கட்டுத்துணி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இப்படி ஒரு பொருள் ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வந்து சேரப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் கைப்பேசியில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கான அடிப்படை ஆராய்ச்சி 1970களில் நடந்தது. சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல்.

தாமதத்துக்குக் காரணம் அறிவாளிகள் இல்லாதது மட்டுமல்ல. ஒருவர் செய்து தோற்ற சோதனையை, அது தெரியாமல் இன்னொருவர் மறுபடியும் செய்கிறார். ஒரு கூடத்தில் கிடைத்த அளவு அடுத்த கூடத்தில் ஒத்துவருவதில்லை. தரச்சான்று பெற வேறு ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது. பொதுவான தரவுகள், பொதுவான சோதனை முறைகள், அளவுக் கருவிகள், சான்றளிக்கும் கூடங்கள் ஆகியவற்றைத்தான் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு என்கிறார்கள். இது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எல்லோருக்கும் தேவை, ஆனால் எந்த ஒரு கடைக்காரரும் தன் சொந்தக் காசில் வெட்ட மாட்டார்.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு. எடைக்கல்லையும் படியையும் சோதிப்பதற்கென்றே பழைய முஸ்லிம் நகரங்களின் சந்தைகளில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். அளவைக் காப்பது பொதுப்பொறுப்பு என்பதுதான் அதன் பொருள்.

ஆம்பூர் கற்ற பாடம்

நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களின் அடுப்பு எரிவது தோலை நம்பித்தான். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தை 1989 இறுதியில் ஜெர்மனி தடை செய்தது. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது. அடுத்து 1994இல் சில அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. அது தோலோடு நிற்காமல் துணியையும் தாக்கியது. இந்தியாவும் 1997இல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது.

சிறிய தோல் பதனிடுவோர் அன்று என்ன செய்திருக்க முடியும்? ஒரு கிலோவில் 5 மில்லிகிராம் என்பதை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. மாற்று ரசாயனம் எது என்பதும் தெரியாது. 1948 முதல் சென்னை அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அரசும், ஏற்றுமதியாளர் அமைப்புகளும் சேர்ந்து மாற்று ரசாயனத்தையும் சோதனை வசதியையும் கொண்டுவந்தன. மீனு திவாரி, பூனம் பிள்ளை என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பின்னர் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். அரசு நடுவில் நின்று எல்லாத் தரப்பையும் இணைத்ததால்தான் சிறு நிறுவனங்களாலும் புதிய விதிக்கு மாற முடிந்தது என்பது அவர்கள் கண்டது. சிறியவர்களைக் காப்பாற்றியது பொதுவான சோதனைக்கூடம்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. பாலாற்று நீரும் நிலமும் கெட்டதன் விலையை யாரும் முன்கூட்டியே கணக்கிடவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கியது. இலாபத்தை மட்டும் எழுதும் கணக்கு பாதிக் கணக்குதான்.

முதலில் கணக்கு

அமெரிக்காவில் 2011இல் புதுப்பொருள் வளர்ச்சியின் காலத்தைப் பாதியாகவும் செலவை வெகுவாகவும் குறைக்க ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். அதற்கான உள்கட்டமைப்பில் என்ன குறை, அதை நிரப்பினால் என்ன பயன் என்று கண்டறியவே தனியாக ஒரு பொருளாதார ஆய்வுக்கு அந்நாட்டின் அளவைத்தர நிறுவனம் பணம் கொடுத்தது. தொழில்துறையினரை நேரில் கேட்டு நடத்திய அந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆண்டுக்கு 12,300 கோடி முதல் 27,000 கோடி டாலர் வரை பயன் கிடைக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், கையில் வந்த பணம் அல்ல. கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் தொகை சற்றுப் பெரிதாகவும் வரலாம். அந்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தரவு, சோதனை, தரச்சான்று என்று குறைகளை அது இனம் பிரித்துக் காட்டியதுதான்.

நமது ஒரு லட்சம் கோடித் திட்டம் பெரும்பாலும் கடனும் பங்கு முதலீடும். கடனைத் திருப்பிக் கட்ட இலாபம் வர வேண்டும். பொதுச் சோதனைக்கூடம் இலாபம் காட்டாது. அதன் பயன் நூறு பட்டறைகளில் சிதறிக் கிடக்கும். யாராவது அந்தச் சிதறலைக் கூட்டிக் காட்டாவிட்டால், நிதி ஒதுக்குபவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

"பணமே பற்றாத நாட்டில் ஆய்வுக்கு ஓர் ஆய்வா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு லட்சம் கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நூறு கோடி. எங்கே கிணறு வெட்டுவது என்று நீரோட்டம் பார்க்கும் செலவு அது. பார்க்காமல் வெட்டினால் நட்டம் அதைவிடப் பெரிது.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். சாதாரணத் துணியிலிருந்து விலை உயர்ந்த நவீன கட்டுத்துணிக்கு மாற, உறிஞ்சும் திறனும் கிருமி நீக்கமும் சோதிக்கப்பட வேண்டும். மருத்துவத் துணிக்கான சிறப்பு மையம் கோவையில் சிட்ரா நிறுவனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் அவ்வளவு தூரம் போய்வர ஒரு சிறு தறிக்காரருக்கு என்ன செலவு? அந்தச் செலவால் முயற்சியையே கைவிட்டவர்கள் எத்தனை பேர்? அப்படி ஒரு கூடம் இங்கே அமைந்தால் சாயக்கழிவுக்கும் சேர்த்து என்ன மாற்றம் வரும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் நாம் கேட்கும் ஆய்வு.

ஆகவே நமது தொழிற்சங்கங்களும் ஜமாஅத்துகளும் மனுக் கொடுக்கும்போது மானியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எங்கள் பகுதியின் குறையை அளந்து பாருங்கள், அளக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்றும் எழுதுங்கள். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளைக் கணினிப் படிப்பை நோக்கி மட்டும் தள்ளாமல், பொருளாதாரமும் புள்ளியியலும் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் வழிவிடுங்கள். நாளை அந்தக் கணக்கை எழுதும் மேசையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் இருந்தால், இன்ஷா அல்லாஹ், எங்கள் ஊரும் அந்தக் கணக்கில் வரும்.