தவறியவனுக்குத் தண்டமா?

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் அயராத முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாய், சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றும் பாடசாலைப் பரீட்சார்த்தி கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால், நெளுக்குளத்துக் கூலித் தொழிலாளியின் மகன் கணிதத்தில் தவறிப் பாடசாலையை விட்டு நீங்கினால்? அவன் தனிப்பட்ட பரீட்சார்த்தி. பணம் கட்டியே மீண்டும் எழுதவேண்டும்.

தவறுபவர் எவர்? 2009வரை நீடித்த போரில் யாவும் இழந்த வன்னிக் குடும்பங்களிலே, பிரத்தியேக வகுப்புக்கு வழியற்ற பிள்ளைகளன்றோ? வசதியுள்ளவன் முதல்முறையே சித்தியெய்தி இலவசத்தை அனுபவிக்கின்றான்; வறியவன் தன் வறுமைக்கே தண்டம் இறுக்கின்றான்!

தொகை சிறிதென்பாருமுளர். வேலையற்ற நாளில் அதுவே அவ்வீட்டு உலையரிசி.

ஆசிரியர்களே, மாணவர்களே! மறுமுறை எழுதும் ஏழைக்கும் கட்டணம் நீங்கும்வரை குரல் கொடுப்போம். இலவசக் கல்வி அப்போதுதான் முழுமை பெறும்.