கண்ணுக்குத் தெரியாத நூல்

நுழையும்முன்

இதுகாறும் கண்ட கருவிகள் மனிதனின் கைகளுக்கு வலிமை சேர்த்தன. செயற்கை நுண்ணறிவோ மனிதனோடு பேசுகிறது; அவன் விருப்பங்களை அறிகிறது; அவன் எடுக்கும் முடிவுகளிலும் பங்கேற்கிறது. அம்முடிவுகளை அவன் அறியாமலே திருப்பிவிடும் நுண்ணறிவைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலுமா? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இணங்கவைத்தலும் ஆட்டுவித்தலும்

துணிக்கடைக்குச் செல்கிறோம். "இந்த நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது" என்கிறார் கடைக்காரர். அவர் விற்பவர் என்பதை நாம் அறிவோம். அவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அறிவோம். வேண்டாமெனில் அடுத்த கடைக்கு நகர்கிறோம். இது இணங்கவைத்தல். இதில் குற்றமில்லை. வழக்கறிஞரின் வாதமும் தேர்தல் மேடைப் பேச்சும் ஆசிரியரின் அறிவுரையும் இவ்வகையினவே.

அதே கடைக்காரர், நேற்று நாம் யாரோடு சண்டையிட்டோம், எந்நேரத்தில் சோர்ந்திருப்போம், எச்சொல்லுக்கு இளகுவோம் என்பனவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து நண்பரைப்போல் வந்து பேசினால் என்னாகும்? நாம் வாங்குவோம், நாமே விரும்பி வாங்கியதாகவும் நம்புவோம். இது ஆட்டுவித்தல். பொம்மலாட்டத்தில் நூல் இருப்பதைப் பார்வையாளர் அறிவர், பாவை அறியாது.

திரையரங்கிலிருந்து திறன்பேசிக்கு

மறைமுகமாக மனத்தை ஆட்டுவிக்கலாம் என்னும் அச்சம் புதிதன்று. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் விக்கரி என்னும் விளம்பர ஆய்வாளர், திரையரங்கொன்றில் படம் ஓடும்போது கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் "சோளப்பொரி உண்க" என்பது போன்ற சொற்களைக் காட்டி விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார். நாடே அதிர்ந்தது. தம்மிடம் போதிய தரவுகள் இல்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவர் கூறியது மெய்யாகவே இருந்திருந்தாலும் அதனைக் கண்டுபிடிப்பது எளிது. அரங்கிலிருந்த அனைவர்க்கும் ஒரே சொல், கருவியும் ஒன்றே. அக்கருவியைச் சோதித்தால் போதும்.

இன்றைய நிலை வேறு. 2012ஆம் ஆண்டு சனவரியில் ஒரு வார காலம் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குத் துயரமான பதிவுகளையும் குறைத்துக் காட்டியது. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகக் கண்டவர்களின் எழுத்திலும் மகிழ்ச்சி சற்றே குறைந்தது. தாம் ஆய்வுக்கு உட்பட்டிருப்பது பயனர்களுக்குத் தெரியாது. 2014இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்த பின்னரே உலகம் இதனை அறிந்தது. அங்குப் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. காட்டப்பட்டவை அனைத்தும் நண்பர்களின் உண்மைப் பதிவுகளே. தேர்ந்தெடுப்பு மட்டுமே மாறியது. பொய்யைத் தண்டிக்கும் சட்டத்தால் இதனை எவ்வாறு தண்டிக்க முடியும்?

ஐரோப்பியச் சட்டத்தின் முயற்சி

இவ்வினாவிற்கு விடைகாண முயன்றது ஐரோப்பிய ஒன்றியம். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிடப்பட்ட வரைவு, மனிதரின் உணர்வுநிலைக்கு எட்டாத உத்திகளால் உடலுக்கோ உள்ளத்துக்கோ தீங்கு விளைவிப்பதைத் தடைசெய்தது. ஆயினும் கண்ணெதிரே தோன்றி இனிமையாகப் பேசியே ஆட்டுவிக்கும் மென்பொருள் அவ்வரைவில் அடங்கவில்லை. ஆகவே 2024இல் நடைமுறைக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விரிவாக்கப்பட்டது. சூழ்ச்சியான, ஏமாற்றும் உத்திகளும் அதில் சேர்க்கப்பட்டன. நோக்கம் மெய்ப்பிக்கப்படாவிடினும் விளைவைக் கொண்டே குற்றமெனக் கொள்ளலாம். வயது, உடற்குறை, வறுமை முதலியவற்றால் உண்டாகும் நலிவைப் பயன்படுத்திக்கொள்வதும் தடைசெய்யப்பட்டது. இத்தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல் பொருந்துகின்றன. மீறும் நிறுவனத்திற்கு 3.5 கோடி யூரோ அல்லது அதன் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம்.

போற்றத்தக்க முயற்சி இது. ஆயினும் இச்சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. விளையும் தீங்கு 'குறிப்பிடத்தக்கதாக' இருக்கவேண்டும் என்கிறது அது. ஒரு செயலி நாள்தோறும் ஒரு மாணவரின் உறக்கத்தில் அரைமணி நேரத்தைப் பறிக்கிறது என்க. ஒரு நாளைய இழப்பு சிறிது; ஓராண்டில் அது 180 மணி நேரத்தைத் தாண்டும். இதனைக் குறிப்பிடத்தக்க தீங்கு எனக் கொள்வதா? கொண்டாலும், அது செயலியால் விளைந்ததா, மாணவரின் விருப்பத்தால் விளைந்ததா என்பதை யார் மெய்ப்பிப்பது? ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு காட்சியைக் காட்டும் பொறியை ஒரே சோதனையில் பிடித்துவிட முடியாது. தாம் ஆட்டுவிக்கப்பட்டதை அறியாதவர் முறையீடு செய்யவும் மாட்டார்.

பேச்சா, பொருளா?

மற்றொரு சிக்கல் கருத்துரிமை சார்ந்தது. உரையாடு மென்பொருளோடு நெடுநாள் பழகிய தம் மகனின் இறப்புக்கு அதனை உருவாக்கிய நிறுவனமே பொறுப்பு என, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தாய் ஒருவர் 2024இல் வழக்குத் தொடுத்தார். மென்பொருளின் சொற்கள் பேச்சுரிமையின் பாற்பட்டவை என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கின் தொடக்க நிலையிலேயே அவ்வாதத்தை ஏற்க 2025 மே மாதத்தில் நீதிபதி மறுத்தார். பழுதுபட்ட மிதிவண்டியால் விபத்து நேரின் அதனைச் செய்தவர் பொறுப்பேற்கிறார். ஒரு நூலைப் படித்து ஒருவர் தவறிழைத்தால் நூலாசிரியரைத் தண்டிப்பதில்லை. உரையாடு மென்பொருள் மிதிவண்டியைப் போன்றதா, நூலைப் போன்றதா? இதற்கு விடை காணாமல் உறுதியான சட்டம் இயற்ற இயலாது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் தொடக்க முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணைய வணிகத்தில் காணப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. இன்னும் சில நிமிடங்களே உள்ளன எனப் பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும். இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பலரும் அச்சட்டத்தின் காவலுக்கு உரியவர்களே. ஆனால் பட்டியலில் உள்ள சூழ்ச்சிகள் திரையில் காணத்தக்கவை. உரையாடலின் ஊடே நாள்கணக்கில் பின்னப்படும் நூலைப் பட்டியலிட்டுக் காட்ட முடியாது.

செய்யத்தக்கன

"பயனர் 'ஒப்புக்கொள்கிறேன்' என அழுத்திவிட்டாரே, பிறகென்ன?" என்று கேட்போர் உளர். பல பக்க நிபந்தனைகளைப் படியாமல் அழுத்திய ஒரு பொத்தான் மெய்யான இசைவாகாது. தடைகள் மிகுந்தால் புத்தாக்கம் தளரும் என்போரும் உளர். அவர்களின் கவலையில் நியாயம் உண்டு. மருந்து உண்ணுமாறு முதியவருக்கு நினைவூட்டும் செயலியும் ஒருவகையில் அவரை இணங்கவைக்கிறது. அதனையும் முடக்கிவிடும் சட்டம் நல்ல சட்டமாகாது.

ஆகவே சட்டம் கேட்கவேண்டிய கேள்வியை மாற்றவேண்டும் என்பதே என் கருத்து. "தீங்கு நேர்ந்ததை நிறுவுக" எனப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது போதாது. "இப்பொறி எதனைக் குறிக்கோளாகக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது? பயனரை நெடுநேரம் பிடித்துவைப்பதற்கா, அவருடைய தேவையை நிறைவேற்றுவதற்கா?" என உருவாக்கியவரிடம் கேட்கவேண்டும். புதிய மருந்து தீங்கற்றது என்பதை நோயாளி நிறுவுவதில்லை. அதனை ஆக்கிய நிறுவனமே நிறுவுகிறது. மனத்தைத் தொடும் பொறிக்கும் அம்முறை பொருந்தும். பொறியின் குறிக்கோளையும் சோதனைப் பதிவுகளையும் நடுநிலை வல்லுநர்கள் காணத்தருவது கட்டாயமாக வேண்டும். சிறார் பயன்படுத்தும் பொறிகளுக்கு இவ்விதி இன்னும் கடுமையாக வேண்டும்.

அத்தகைய சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க இயலாது; வந்தபின்னும் அது ஒவ்வோர் உரையாடலுக்கும் காவல் நிற்காது. நள்ளிரவில் ஒரு செயலியை மூட மனம் வராதபோது, "இங்கே இருக்க விரும்புவது நானா, என்னை இருத்த விரும்புவது இதுவா?" என்று கேட்டுப்பார்க்கலாம். இவ்வாறு கேட்கத் தொடங்கும்போதே நூல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதனை அறுப்பதற்கான வலிமையைக் குடிமக்களுக்குத் தருவது சட்டத்தின் கடமை.

கற்பவை கற்றபின்…

உங்கள் திறன்பேசியில் உள்ள ஒரு செயலி, நீங்கள் வெளியேற முயலும்போது என்ன செய்கிறது என்பதை ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பெடுக்க. அச்செயல் இணங்கவைத்தலா, ஆட்டுவித்தலா என்பதை வகுப்பறையில் காரணங்களோடு கலந்துரையாடுக.