ஜன்னலுக்கு ஓப்பன் சோர்ஸ், பூட்டுக்கு மட்டும் சொந்தச் சரக்கா?

போன சனிக்கிழமை நடந்தது. எங்க குடும்ப டாக்டரம்மா போன் பண்ணி, "தம்பி, கிளினிக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் போடலாம்னு இருக்கேன். விக்கிறவர் காட்ட வர்றார். நீயும் கொஞ்சம் கூட உக்காந்து பாரேன்"ன்னாங்க. ஆபீஸ்ல ஆணி பிடுங்கறது போக இந்த மாதிரி சமூக சேவைக்கும் நமக்கு அப்பப்ப அழைப்பு வரும். போனேன்.

சாஃப்ட்வேர் பார்க்க அழகாத்தான் இருந்தது. நோயாளி பேர், போன் நம்பர், மருந்துச் சீட்டு, பில் எல்லாம் ஒழுங்கா வருது. டாக்டரம்மா நியாயமான கேள்வி ஒண்ணு கேட்டாங்க: "கம்ப்யூட்டரை யாராவது தூக்கிட்டுப் போயிட்டா இந்த விவரமெல்லாம் என்ன ஆகும்?"

வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். "கவலையே படாதீங்க மேடம். எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு. அதுவும் ஓப்பன் சோர்ஸ் எதையும் நாங்க தொடறதில்லை. அதுல கோடு எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன ரகசியம்? எங்க அல்காரிதம் நாங்களே எழுதினது. உலகத்துல யாருக்கும் தெரியாது."

நான் ஙேன்னு முழிச்சேன். அவர் பில் பிரிண்ட் எடுக்கற நேரத்துல சாஃப்ட்வேர் நிறுவின ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். வரிசையா க்யூட்டியோட டிஎல்எல் கோப்புகள். அந்த அழகான ஜன்னல், பட்டன், அட்டவணை எல்லாமே ஓப்பன் சோர்ஸ் உபயம்! க்யூட்டிக்குக் காசு கொடுத்து வாங்கற லைசென்ஸும் உண்டு, அதை வாங்கியிருந்தா பேச்சே இல்லை. எல்ஜிபிஎல் லைசென்ஸ்ல எடுத்திருந்தா, "இதைப் பயன்படுத்தியிருக்கோம்"னு சொல்லணும், லைசென்ஸ் நகலைக் கூட வைக்கணும், வாங்கினவர் அந்த லைப்ரரியை மாத்திக்க வழி விடணும். எது உங்களுதுன்னு கேட்டேன். "லைசென்ஸா?"ன்னு இப்ப முழிச்சது அவர்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. ரெண்டு பொய் நோயாளி போட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே குறிப்பை அட்சரம் பிசகாம எழுதி சேமிச்சேன். டேட்டா கோப்பை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா ரெண்டு இடத்துலயும் அதே பைட்டுகள், அதே வரிசையில. "இது ஏன் சார் ஒரே மாதிரி இருக்கு?"ன்னேன். "அதான் சார் கன்சிஸ்டன்சி"ன்னார்.

சிரிக்கத்தான் தோணிச்சு. ஆனா எங்க ஊர் சின்ன ஊர். யார் காசநோய்க்கு மாத்திரை எடுக்கறாங்க, யார் மனநோய்க்கு, எந்த வீட்டுப் பெண் எதுக்காக வந்துட்டுப் போனாங்கன்னு அந்தக் கோப்புல இருக்கப் போகுது. ஒரே நோய்க்கு ஒரே குறியீடு வந்தா, பூட்டை உடைக்கவே வேண்டாம். ஒருத்தரோட நோய் தெரிஞ்சாப் போதும், அதே பைட்டு யார் யாருக்கு வருதுன்னு எண்ணிட்டுப் போகலாம். 2013-ல அடோபி நிறுவனத்துல திருட்டுப் போன கடவுச்சொற்கள் கதை இதேதான். ஒரே கடவுச்சொல் வெச்சிருந்த லட்சக்கணக்கான பேருக்கும் ஒரே குறியீடு. பக்கத்துலயே அவங்க எழுதி வெச்ச நினைவுக் குறிப்பு, பூட்டாம. குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி உக்காந்து கண்டுபிடிச்சாங்க. இத்தனைக்கும் அவங்க பயன்படுத்தினது நல்ல பேர் வாங்கின அல்காரிதம்தான், பயன்படுத்தின விதம்தான் கோளாறு. அவங்களுக்கே அந்தக் கதின்னா சொந்தச் சரக்குக்கு?

இவ்வளவு கோபம் ஏன்னு கேட்டா, இதே சொந்தச் செலவுல சூனியத்தை நானும் வெச்சிருக்கேன். 2006-ல எங்க அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் செயலாளர். கணக்கு எழுத விபி6-ல ஒரு புரோகிராம் பண்ணிக் கொடுத்தேன். குழுவுல இருந்த ஒரு அக்காவுக்குத் தன் சேமிப்பு எவ்வளவுன்னு வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது டாஸ்மாக்குக்குப் போயிடும். "பூட்டு போடுடா"ன்னாங்க அம்மா. நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சாவிச் சொல்லோட எக்ஸார் பண்ணி எழுதினேன். சாவி, அம்மாவோட பேர். திறந்து பார்த்தா ஒண்ணும் புரியாத கிறுக்கல். அப்பா, என்ன பெருமை!

அடுத்த வருஷம் லீவுக்கு வந்த அக்கா பையன் அந்தக் கோப்பைத் திறந்துட்டு, "மாமா, ஏன் எல்லா இடத்துலயும் பாட்டி பேர் எழுதி வெச்சிருக்கீங்க?"ன்னான். விஷயம் இதுதான். பேருக்கு 40 இடம் ஒதுக்கியிருந்தேன். பேர் முடிஞ்ச பிறகு மிச்சமெல்லாம் வெற்றிடம். வெற்றிடத்தோட எண் 32. ஆங்கில எழுத்தை 32-ஓட எக்ஸார் பண்ணினா சின்ன எழுத்து பெரிய எழுத்தாகும், அவ்வளவுதான். ஆக, பூட்டின கோப்பு பூராவும் சாவியே கேப்பிடல் லெட்டர்ல திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அவனுக்கு அப்ப வயசு பதினெட்டு. இருபது நிமிஷம் ஆகலை. அந்த அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கறதுன்னு ரெண்டு நாள் தூக்கம் போச்சு. அவங்களுக்கு எதுவும் ஆகலை. அது என் சாமர்த்தியம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

"கோடு தெரிஞ்சா ரகசியம் போயிடும்"ங்கறது எவ்வளவு பழைய தப்புன்னா, 1883-லயே கெர்க்காஃப்ஸ்னு ஒருத்தர் பதில் எழுதிட்டார். பூட்டோட அமைப்பு எதிரி கையில கிடைச்சாலும் பாதிப்பு வரக் கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமா இருக்கணும்னு. இன்னிக்கு உலகம் பூரா பயன்படற ஏஇஎஸ் எப்படி வந்தது? அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனம் 1997-ல போட்டி அறிவிச்சுது. 15 அல்காரிதம் களத்துல இறங்கினது. எல்லாத்தோட உள்விவரமும் வெளிப்படையா கிடைச்சுது, உலகத்துல உள்ள கணித ஆட்கள் எல்லாம் ஒண்ணை ஒண்ணு கிழிச்சுத் தொங்க விட்டாங்க. 2000-ல ரெண்டு பெல்ஜியக்காரர்கள் எழுதினது ஜெயிச்சது, 2001-ல தரமாச்சு.

மூடி வெச்சவங்க கதை என்ன? மைஃபேர் கிளாசிக்னு ஒரு அட்டை. லண்டன் ஆய்ஸ்டர் அட்டையிலயும் நெதர்லாந்து போக்குவரத்து அட்டையிலயும் இருந்தது. அதுக்குள்ள ரகசிய அல்காரிதம். 2008 வாக்குல சில்லையே சுரண்டிப் பார்த்து அதைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. தயாரிச்ச நிறுவனம் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு. கோர்ட் மறுத்துடுச்சு. நம்ம கிளினிக் சாஃப்ட்வேரைச் சுரண்டக்கூட வேண்டாம்.

சரி, "ஓப்பன் சோர்ஸ்ல மட்டும் ஓட்டை இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு சாமி, பெரிய பெரிய ஓட்டையா இருக்கு. 2006-ல டெபியன்காரர் ஒருத்தர், பிழை பார்க்கிற கருவி எச்சரிக்கை கொடுக்குதேன்னு ஓப்பன்எஸ்எஸ்எல்ல ரெண்டு வரியை எடுத்துவிட, உருவாகற சாவிகள் எண்ணிக்கை ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32 ஆயிரமா சுருங்கிப் போச்சு. 2008 மே மாசம்தான் வெளியே தெரிஞ்சது. 2014 ஏப்ரல்ல ஹார்ட்ப்ளீட். அது ரெண்டு வருஷமா ஓப்பன்எஸ்எஸ்எல் உள்ளேயே உக்காந்திருந்தது. 2024-ல எக்ஸ்இசட் லைப்ரரியில ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லபிள்ளையா வேலை பார்த்து நம்பிக்கை சம்பாதிச்சுட்டு பின்கதவு வெச்சார். லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு ஒரு போஸ்ட்கிரெஸ் ஆள் நோண்டப் போய்த்தான் மாட்டுச்சு.

இதைச் சொல்லாம "ஆயிரம் கண் பார்க்குது"ன்னு கொடி பிடிக்கிற நம்ம கட்சிக்காரங்க மேலயும் எனக்குக் கடுப்புதான். எந்த ஆயிரம் கண்? நீங்க பார்த்தீங்களா? நான் பார்க்கலை. ஹார்ட்ப்ளீட் வந்தப்ப ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஆள் ஒருத்தர், வருஷ நன்கொடை சுமார் 2,000 டாலர். அதை வெச்சு கோடி கோடியா சம்பாதிச்ச கம்பெனிகள் எத்தனை! ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த ஓட்டைகள் வெளிய வந்தது, நம்பர் போட்டு அறிவிச்சாங்க, அடைச்சாங்க. "உலகத்துல யாருக்கும் தெரியாத" அல்காரிதத்துல ஓட்டை இருந்தா அது யாருக்குத் தெரியும்? திருடனுக்கு மட்டும்.

அதே நேரம், லைப்ரரியை எடுத்துட்டா மோட்சம்னும் நினைச்சுடாதீங்க. அக்கா பையன் கொடுத்த அடிக்கப்புறம் நான் ஓப்பன்எஸ்எஸ்எல் எடுத்து ஏஇஎஸ் போட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசா மாறணும்னு ஒரு தொடக்க மதிப்பு கேக்கும். எனக்குப் புரியலை, பூரா பூஜ்ஜியம் கொடுத்தேன். கடவுச்சொல்லை எம்டி5-ல போட்டு அப்படியே சாவியாக்கினேன். கிளினிக்காரரைவிட நான் ஒரு படிதான் மேல. 2016-ல லிப்சோடியத்துக்கு மாறினப்பதான் நிம்மதி. முட்டாள்தனம் பண்றதுக்கு அதுல இடம் கம்மி. பூட்ட ஒரு ஃபங்ஷன், திறக்க ஒரு ஃபங்ஷன். நடுவுல யாராவது ஒரு பைட்டை மாத்தியிருந்தாலும் திறக்காது. மாறும் மதிப்புக்கு 24 பைட் இருக்கறதால ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு ரேண்டமா எடுக்கலாம். கடவுச்சொல்லைச் சாவியாக்க ஆர்கான்2, அது 2015-ல அதுக்குன்னே நடந்த போட்டியில ஜெயிச்சது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஒரே கோப்பு திறக்கும். விண்டோஸோட சொந்த வசதியை மட்டும் நம்பியிருந்தா அங்கேயே மாட்டியிருப்பேன்.

மூணுலயும் திறக்கும்னு சொன்னேனா, அங்கயும் ஒரு அடி வாங்கினேன். அம்மா புது கடவுச்சொல்லைத் தமிழ்ல வெச்சாங்க, பொன்னி அரிசின்னு. விண்டோஸ் லேப்டாப்ல திறந்தது. வீட்டு லினக்ஸ் மெஷின்ல "தவறான கடவுச்சொல்". லோன் கட்டற நாள் வேற. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா "பொ"தான் வில்லன். யூனிகோட்ல ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும்னு ரெண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். ஒரு விசைப்பலகை அப்படி, இன்னொண்ணு இப்படி. லைப்ரரி பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. க்யூட்டியில எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு ஃபங்ஷன் இருக்கு. கடவுச்சொல்லை அதுல ஒரு தடவை விட்டு எடுத்ததும் சரியாச்சு. டிஸ்கி, டேப்னு எழுத்துருச் சண்டை போட்டு வளர்ந்த நமக்கே இது தோணலைன்னா வேற யாருக்குத் தோணும்?

இன்னொரு விஷயம், டெஸ்க்டாப் ஆட்கள் நிறையப் பேர் கோட்டை விடறது. லினக்ஸ்ல லைப்ரரியைப் பெரும்பாலும் டிஸ்ட்ரோக்காரங்களே புதுப்பிச்சுடுவாங்க. விண்டோஸ்ல நாம டிஎல்எல்லை நம்ம கூடவே மூட்டை கட்டி அனுப்பறோம். அப்ப ஓட்டை அடைச்ச புதுப் பதிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கறதும் நம்ம பொறுப்பு. "ஒரு தடவை வித்தாச்சு, இனி பில் ஃபார்மட் மாறினா மட்டும் வருவேன்"ங்கற ஆளுக்கு இது ஒத்துவராது. சாவியையும் கோப்புப் பக்கத்துலயே ஒரு ஐஎன்ஐ கோப்புல வைக்கறவங்க இருக்காங்க. மூணு இயங்குதளத்துலயும் அதுக்குன்னு பெட்டகம் இருக்கு, க்யூட்டிகீசெயின் மாதிரி லைப்ரரி மூணையும் ஒரே மாதிரி தொட விடும். அதுவும் ஓசிதான்.

எனக்குப் புரியாதது இந்தத் தலைகீழ் பெருமைதான். பட்டனைச் சொந்தமா எழுதுங்களேன், யார் வேண்டாம்னா? கோணலா வந்தா கண்ணுக்குத் தெரியும், வாடிக்கையாளர் திட்டுவார், சரி பண்ணிடுவீங்க. பூட்டு கோணலா இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. பத்து வருஷம் ஜோரா ஓடும். தெரிய வர்ற அன்னிக்கு அந்தக் கோப்புல இருக்கற ஆளுதான் தெருவுல நிப்பாங்க, எழுதினவர் இல்லை.

டாக்டரம்மா கிட்ட மூணு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கேன். என்கிரிப்ஷனுக்கு எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு? சாவி எங்க இருக்கு? ஓட்டை வந்தா எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்க? விக்கிறவர் "மேனேஜர் கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு போயிருக்கார். "ஏன் தம்பி, பாவம், அவரை ரொம்ப மிரட்டிட்டியோ"ன்னு டாக்டரம்மாவுக்கு வருத்தம் வேற. வர்ற சனிக்கிழமை மறுபடி வர்றாராம். நானும் போறேன்.