நள்ளிரவு ஓசை

பகல் வெயிலில் விரிந்த தகரக் கூரையும் மர உத்திரமும் இரவுக் குளிரில் சுருங்குகையில் 'படீர்' என ஒலிக்கும். ஊர் அடங்கியிருப்பதால் அவ்வொலி பன்மடங்காகத் தோன்றும். உடனே பேய் என்று பெயரிடுவோர், அஞ்சும் சிறுவரை எள்ளி நகைப்போர் ஆகிய இருசாராரும் ஆராய்தலையே தடுக்கின்றனர். விளக்கேற்றி, ஒலி எழும் திசையை உற்றுக் கேட்டல் வேண்டும். கதவை எவரேனும் நெம்பும் ஓசையாயின் தனியே வெளிச்செல்லாது, வீட்டாரை எழுப்பிக் காவல்துறையை 100 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

கூகையின் நிலையோ இரங்கத்தக்கது. எலிகளைத் தின்று உழவருக்கு உதவும் அப்பறவை, தன் அலறலால் 'சாக்குருவி' எனப் பழிக்கப்பட்டுக் கல்லடி படுகிறது. நம் அச்சத்துக்கு அது என் செய்யும்? கூரையிடுக்கில் முட்டையிட்டிருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைப்பதே முறை.