ஓய்வுக்குப் பிறகும் சொந்தக் காலில் நிற்போம்

"மலை ஏறி இறங்கி கொழுந்து சுமக்கிற எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" தோட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

மலையில் எவ்வளவு பாரம் சுமப்பது என்பதை நம் உடம்பு தீர்மானிப்பதில்லை. நாள் பேருக்கு வேண்டிய கிலோ தீர்மானிக்கிறது. ஒரே அசைவு, ஒரே குனிவு, நாள் முழுக்க. அது இடுப்பையும் முழங்காலையும் தேய்க்கிறது. தசை பலப்பட வேண்டுமானால் கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்; இடையில் ஓய்வும் நல்ல சாப்பாடும் வேண்டும். உடற்பயிற்சி என்பது அதுதான்.

முப்பது வயதுக்குப் பிறகு தசை மெதுவாகக் குறையத் தொடங்கும். அறுபதைத் தாண்டினால் வேகமாகக் குறையும். வேலையை விட்டு லயத்தில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம். முதலில் கையூன்றாமல் எழும்ப முடியாது. பிறகு லயத்துப் படியில் ஒரு சறுக்கல், இடுப்பெலும்பு முறிவு, படுக்கை. பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் நிற்க, அந்த வீட்டில் ஒரு பேர் குறைகிறது.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்தக் காசு முழுவதும் வைத்தியச் செலவுக்கே போகவா இத்தனை வருடம் உழைத்தோம்?

"வயது போய்விட்டது, இனி என்ன" என்பதும் சரியல்ல. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 90 வயதை அண்டிய முதியவர்கள் 8 வாரம் பயிற்சி செய்தபோது அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. கிழமைக்கு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதற்குக் காசு வேண்டாம். உறுதியான கதிரையில் இருந்து கையூன்றாமல் 10 தடவை எழும்பி உட்காருங்கள். சுவரில் கை வைத்து 10 தடவை தள்ளுங்கள். சுவரைப் பிடித்தபடி குதிகாலை 10 தடவை உயர்த்துங்கள். லேசானால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நெஞ்சு வலி, பிரஷர், கடும் மூட்டு வலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

ஆனால் ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று தசை வளராது. பருப்பு, கடலை, கௌபி, நெத்தலி, முட்டை வேண்டும். அதை வாங்கச் சம்பளம் வேண்டும். ஆகவே பயிற்சியைப் பற்றிப் பேசுவதால் சம்பளக் கோரிக்கையை நாம் கைவிடவில்லை. லயத்துப் படிகளுக்குக் கைபிடி கேட்பதும் தொழிற்சங்க வேலைதான்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கிழமைக்கு இரண்டு மாலை, அரை மணி நேரம், ஓய்வுபெற்றவர்களையும் வேலை செய்பவர்களையும் வாசகசாலைக்கோ கோயில் முற்றத்துக்கோ கூட்டிச் சேர்க்க வேண்டும். தனியாகச் செய்தால் இரண்டு நாளில் விட்டுப்போகும். சேர்ந்து செய்தால் நிலைக்கும். சங்கம் வளர்த்த நமக்கு இது தெரியாததல்ல.