தனி ஆவர்த்தனமும் துவிச்சக்கர வண்டியும்

சென்ற வியாழக்கிழமை மாலை, வகுப்புகள் முடிந்து வெளியே வந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியைச் செவியருகே பிடித்தவண்ணம் விறாந்தைத் தூணிற் சாய்ந்து நின்றான். அதிலிருந்து தவிலோசை எழுந்தது. இக்காலத்திலும் தவில் கேட்கும் இளைஞன் ஒருவன் உளனே என்ற மகிழ்ச்சியோடு அருகே சென்றேன். சென்றதும் ஏதோ ஒவ்வாமை தட்டிற்று. சொற்கட்டுகள் மூச்சு விடாமல் ஓடின. "என்ன தம்பி இது?" என்று கேட்டேன். "ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்திருக்கிறேன், சேர். முழுவதையும் கேட்க நேரமில்லை" என்றான். கண்டிப்பதற்கு வாயெடுத்தேன். ஆயினும் அதற்குரிய தகுதி எனக்கில்லை என்பது உடனே நினைவுக்கு வந்துவிட்டது. தவிலை அதற்குரிய வேகத்துக்கு மேலாக ஓட்டிக் கேட்பதில் அவனுக்கு முப்பது ஆண்டுகள் மூத்தவன் நான்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. அப்பொழுது எனக்குப் பத்து வயது. வானொலிக்கும் ஒலிநாடாப் பெட்டிக்கும் வேண்டிய பற்றரிகளோ தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. பாட்டுக் கேளாமல் இருக்க முடியாத எம்மவர் ஒரு வழி கண்டனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையினாற் சுற்றினால், சக்கரத்தோடு உராயும் டைனமோ ஆறு வோல்ற்றளவு மின்னைத் தரும். அதனைப் பெட்டிக்கு ஏற்ற நேரோட்டமாக மாற்றும் டயோட்டுகளை ஊரிலே வானொலி திருத்துபவர் பொருத்திக் கொடுப்பார். இரவிற் செல்வோருக்கு வழிகாட்டவென ஏற்பட்ட அச்சிறு கருவி ஐந்தாண்டு காலம் எங்கள் இசையரங்குகளை நடத்திற்று. வகுப்பிலே இதைச் சொன்னால் மாணவர் நகைக்கின்றனர். அவர்கள் தத்தம் பெற்றோரைக் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலே சக்கரம் சுற்றும் உத்தியோகம் என்னுடையது. கேட்பவர் அப்பு; என் தாயாரின் தந்தையார். செய்திக்குக் கால்மணி நேரம். அதன்பின் எஞ்சியிருக்கும் என் கைவலிமை முழுவதும் ஒரேயொரு கசற்றுக்கு உரியது. எழுபதுகளின் தொடக்கத்திலே எங்களூர் அம்மன் கோயிற் பூங்காவனத் திருவிழாவன்று இரவிரவாக நடைபெற்ற மேளச்சமாவின் ஒரு பகுதி அதிலே இருந்தது. ஒலிபெருக்கி கட்ட வந்தவர் சுருள்நாடாவிற் பதிவுசெய்து வைத்திருந்ததை, பிற்காலத்தில் எவரோ கசற்றுக்கு மாற்றி அப்புவிடம் கொடுத்திருந்தனர். தவில் வாசித்தவர் தெட்சணாமூர்த்தி.

அளவெட்டியில் வாழ்ந்த அந்த மேதையைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தராக 1933இற் பிறந்து, ஈழத்துக் கோயில் வீதிகளிலும் கடல் கடந்து தமிழ்நாட்டு மேடைகளிலும் வாசித்துப் பெயர் நிறுவி, 1975இலே, நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில் மறைந்தவர் அவர். விரற்கூடுகள் அணிந்த வலக்கையும் கழி பிடித்த இடக்கையும் ஒன்றோடொன்று உரையாடுவனபோல இருக்கும் என்று அப்பு சொல்லுவார். ஆயினும் அந்த உரையாடலிலே இன்று நாம் கேட்கக் கூடியது மிகச் சொற்பம். இருபதாம் நூற்றாண்டு ஒலியைச் சேமிக்கக் கற்றுக்கொண்ட நூற்றாண்டு என்கிறோம். எதைச் சேமித்தது என்பதிலே அது பாரபட்சம் காட்டிற்று. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகம் ஓடும். பாடகருக்கு அது ஒரு கீர்த்தனைக்குப் போதும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக்கூட அதற்குள் அடக்கி விற்றனர். ஒரு மணி நேரம் விரியும் தனி ஆவர்த்தனத்தை எந்தத் தட்டிலே அடக்குவது? இலங்கை மேடையிலே கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து பாடிய கிட்டப்பாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. தமிழ் பேசும் படம் 1931இல் வந்துவிட்டது. 1933இலே, இருபத்தேழு வயதில், ஒரு படத்திலும் தோன்றாமல் அவர் போய்விட்டார். ஆனால் அவர் குரலுக்கு இசைத்தட்டாவது கிடைத்தது.

நான் சுற்றிய சக்கரத்துக்கு வருவோம். எங்கள் பெட்டி பழையது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு அதிலே பழுதுபட்டிருந்தது. ஆகவே விநாடிக்கு நாலே முக்காற் சதமமீற்றர் ஓடவேண்டிய நாடா, என் கை ஓடும் வேகத்துக்கே ஓடும். கை சோர்ந்தால் நாதஸ்வரம் இழுபட்டுக் கீழே இறங்கும். "தம்பி, சுருதி இறங்குது, கையை விடாதை" என்று சாய்மனைக் கதிரையிலிருந்து அப்புவின் குரல் வரும். கையை ஒரே சீராக வைத்திருக்கப் பழகவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. இன்று தாளம் தவறாமற் பாட்டுக் கேட்க எனக்கு ஓரளவு வருகின்றதென்றால், அது எந்தச் சங்கீத வகுப்பிலும் பெற்றதன்று.

தனி ஆவர்த்தனத்திலேதான் வினை விளையும். தவில் வேகங்கொள்ளுந்தோறும் என் கையும் என்னை அறியாமல் வேகங்கொள்ளும். கை வேகங்கொள்ள நாடா விரையும். நாடா விரையத் தவில் இன்னும் விரையும். அதைக் கேட்டு என் கை மேலும் பறக்கும். முடிவிலே வித்துவானும் நானும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு, எவரும் வாசித்திராத ஓர் உச்சத்திலே போய் நிற்போம். அப்பு சிரித்துக்கொண்டே, "அவர் இவ்வளவு அவதிப்படேல்லை" என்பார். திரும்பவும் முதலிலிருந்து.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி மழையிலே நடந்த அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நானும் எழுத வேண்டியதில்லை. சாமான் கட்டும்போது அப்பு சொன்னது ஒன்றே: "அந்தக் கசற்றை உன்ரை பையுக்குள்ளை வை, தம்பி." மேசை லாச்சியைத் திறந்தேன். அதிலே இரண்டு கசற்றுகள் கிடந்தன. ஒன்று அப்புவுடையது, மற்றையது 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள், நண்பன் ஒருவனிடம் கெஞ்சிப் பெற்றது. பையிலே புத்தகங்களும் உடுப்புகளும் திணித்திருந்தன. ஒன்றுக்கே இடமிருந்தது. இருட்டிலே மாறி எடுத்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். இருட்டென்பது உண்மையே, கைவிளக்கு இருந்தது என்பதும் உண்மையே.

கொடிகாமத்திலே உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். மூன்று வாரங்களின் பின், ஓரளவு மனம் ஆறிய ஒரு மாலையில், அப்பு அந்தக் கசற்றைக் கேட்டார். பையைத் திறந்து காட்டினேன். ஏசுவார் என எதிர்பார்த்தேன். ஏசவில்லை. ரோஜாக் கசற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலே தந்தார். "எனக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கு. உனக்குத்தான் இல்லாமற் போச்சு" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. 1996 ஏப்பிரலின் பின் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இருந்தது, மேசை இல்லை. அப்புவும் இன்று இல்லை.

'ரோஜா'ப் பாடல்கள் இன்று எந்தத் தொலைபேசியிலும் கிடைக்கும். அவை நல்ல பாடல்கள். அவற்றின் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருதைப் பெற்றதை வாசகர் பலர் அறிவர். அதனைப் பார்த்தேன். எஞ்சியுள்ள பதிவுகளையும் தேடிக் கேட்டேன். முதன்முறை கேட்டபோது ஏமாற்றமாயிருந்தது என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். நான் அறிந்த தெட்சணாமூர்த்தி இதைவிட விரைவாக அன்றோ வாசித்தார்! பல தடவை கேட்ட பின்னரே, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி செவிக்குப் புலப்பட்டது. என் கை அந்த இடைவெளிகளையெல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. "அவதிப்படேல்லை" என்று அப்பு சொன்னது அதைத்தான் போலும்.

இவற்றையெல்லாம் அந்த மாணவனுக்கு விறாந்தையிலே சொல்லி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் தொலைபேசியில் வேகத்தைக் குறைத்துவிட்டு, "அந்தக் கசற் வேறு யாரிடமும் இருக்காதா, சேர்?" என்று கேட்டான். இந்தக் கேள்வி இத்தனை காலம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. சுருள்நாடாவிலிருந்து ஒரு பிரதி எடுத்தவர் இன்னொன்றும் எடுத்திருக்கலாம். அது வன்னியில் ஒரு பெட்டிக்குள்ளோ, ரொறன்ரோவில் ஒரு நிலவறையிலோ கிடக்கலாம். வாசகர் எவரிடமேனும் பெயரெழுதாத பழைய மேளக் கசற் இருப்பின், அருள்கூர்ந்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கிச் சிறிது நேரத்திலே கோயில் மணி மும்முறை ஒலிக்கும். தவில் நிற்காது. மணி ஓய்ந்ததும் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் ஒரு குழந்தை வீரிட்டு அழும். ஒரு பெண்குரல் அதனை அதட்டும். அப்படியானால் அது எங்களுடையது. இப்பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.