வெள்ளைக்காரன் திருடலை அண்ணாச்சி, நாமதான் எடைக்குப் போட்டோம்

பேங்க் பயிற்சிக்காக ஒரு வாரம் லண்டன் போய்விட்டு வந்தேன். பெட்டியில் ஒரே ஒரு எல்.பி. இசைத்தட்டு. சரண்ஜித் சிங்கின் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. சோஹோவில் பெர்விக் தெருப் பக்கம் இசைத்தட்டுக் கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்கியது. விலையைச் சொன்னதும் மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடுகிற நம்மாட்கள் பொங்கிவிட்டார்கள். "நம்ம பாட்டைத் திருடி நமக்கே விக்கான், நீயும் காசு கொடுத்துட்டு வாறியே" என்றார் ஓர் அண்ணாச்சி. அடுத்த மூச்சிலேயே, "அதுவும் இது பாட்டா? மிசின் சத்தம்!"

மக்களே, இந்த ரெண்டும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது. மிசின் சத்தம் என்றால் அதில் திருட என்ன இருக்கு? பாட்டு என்றால் இத்தனை வருஷம் நாம ஏன் தேடலை?

கணக்கைப் பார்ப்போம் (பி.காம் புத்தி, போகாது). சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை வாசித்தார். டி.ஆர்.808 தாளத்துக்கு, டி.பி.303 பேஸுக்கு, ஜூப்பிட்டர்-8 ராகத்துக்கு. 1982ல் எச்.எம்.வி. வெளியிட்டது. விற்கவில்லை. 2002ல் ஒரு டச்சுக்காரர், எடோ பௌமன், டெல்லியில் ஒரு பழைய கடையில் இதைக் கண்டெடுத்தார். 2010ல் மறுபதிப்பு போட்டார். அதாவது 28 வருஷம் சரக்கு நம்ம கையில்தான் இருந்தது.

மிசின் சத்தம் என்பவர்கள் ஒரு தடவை கேளுங்கள். அதில் வரும் பூபாலி நம்ம மோகனம், மால்கௌன்ஸ் நம்ம ஹிந்தோளம், யமன் நம்ம கல்யாணி. அந்த 303ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு. பேஸ் கிடார்காரர் இல்லாதவர்களுக்காகச் செய்த பெட்டி அது, சந்தையில் படுத்துவிட்டது. பிறகு சிகாகோ பையன்கள் அதைத் திருகித் திருகி 1987ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' போட்டார்கள். அதனால் ஐரோப்பாவில் சிலர் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்' என்று சரண்ஜித்தைத் தூக்கி வைத்தார்கள். அதுவும் எனக்கு உவப்பில்லை. அவர் யாருடைய வரலாற்றுக்கும் முன்னுரை எழுத உட்காரவில்லை. டிஸ்கோ ஓடிய காலம், கைக்குப் புது மிசின் வந்தது, தெரிந்த ராகத்தை வாசித்தார்.

அது ஹிந்திக்காரன் கதை என்று தப்பிக்க வேண்டாம். ராஜாவின் எலக்ட்ரானிக் பாட்டுகளைத் தேடித் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்று இசைத்தட்டு போட்டது எந்த ஊர் கம்பெனி? பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ். வடபழனியிலிருந்து ஒருத்தரும் போடவில்லையே!

எங்கள் ஊர் பூவார். நெய்யாற்றங்கரை தாலுகா. 1956ல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நாங்கள் கேரளாவிலேயே நின்றுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் வந்ததெல்லாம் கல்யாண வீட்டு மைக் செட் குழாய் வழியாக. தென்னையில் கட்டின குழாயில் காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் ராஜா. நான் பார்க்கும்போது கேசட் வந்தாச்சு, மைக் செட் மாமாவின் ரிக்கார்டுப் பெட்டி திண்ணையில் தூங்கியது. ஒருநாள் ஆக்கர் கடைக்குப் போனது, பெட்டியோடு. அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை, அது அவருக்குத் தொழில், ஓடாத சரக்கு. ஆனால் இன்று 'திருட்டு' என்று கத்துகிறவர்கள் வீட்டுப் பரணிலிருந்தும் அப்படித்தானே போனது?

வெளிநாட்டு மறுபதிப்பெல்லாம் சுத்தம் என்று நான் சான்றிதழ் தரவில்லை. உரிமை யாரிடம் வாங்கினாய், வாசித்தவருக்கு என்ன போனது என்று கேட்கத்தான் வேண்டும். அதே கேள்வியை நம்ம கம்பெனிகளிடமும் கேளுங்கள் என்கிறேன். ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த விஜி மேனுவல் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டுக்காரர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். சிந்தசைசர் வாசித்தவர் 'குழுவினர்'. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வாசிப்பவர்களுக்கும் ராயல்டியில் உரிமை என்று எழுதினார்கள். ஆனால் பெயரே இல்லாதவர் எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பார்? கணக்கில் பெயர் இல்லாமல் நான் ஒரு ரியால்கூட வரவு வைக்க முடியாது.

சரண்ஜித் சிங் 2015ல் போனார். அதற்கு முன்னால் ஐரோப்பிய மேடைகளில் அந்தப் பத்து ராகத்தையும் வாசித்துவிட்டுத்தான் போனார். பையன்கள் விடிய விடிய ஆடினார்கள்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில் ரிக்கார்டு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள், வளையாது. அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். வாசித்தவர் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆக்கர்காரர் எப்படியும் அடுத்த மாசமும் வருவார்.